தளவாய், பிரதானி, ராயசம்

மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்துக்குள் நுழையும் இடத்தில், குதிரைமேல் அமர்ந்த ஒருவரின் சிலை இருக்கிறது. அவரை யாரோ ஒரு நாயக்க மன்னர் என்று நினைத்துக்கொண்டு பலரும் கடந்து போகிறார்கள். அவர் மன்னர் இல்லை, அமைச்சர். தொண்டை மண்டலத்து மெய்ப்பேட்டில் பிறந்து, விஜயநகரத்துக்குப் போய் அரசுப் பணியில் உயர்ந்து, விசுவநாத நாயக்கருடன் மதுரைக்கு வந்து சேர்ந்த அரியநாத முதலியார். அந்த மண்டபம் 1569-இல் எழுந்தபோது அதை எழுப்பியவரும் அவர்தான்.

விசுவநாதர் மறைந்தார். அவர் மகன் கிருஷ்ணப்பர் வந்தார். பிறகு வீரப்பர், அவருக்குப் பின் இன்னொரு கிருஷ்ணப்பர். சிம்மாசனத்தில் ஆள் மாறிக்கொண்டே இருந்தாலும், 1600-இல் இறக்கும்வரை அரியநாதரின் இடம் மாறவில்லை. தளவாய், பிரதானி என்ற இரண்டு பதவிகளையும் ஒருவராகவே வைத்திருந்தார். படையும் அவரிடம், பணமும் அவரிடம். இன்றைய சொல்லில் சொன்னால் பாதுகாப்பு அமைச்சர், நிதியமைச்சர் இரண்டும் ஒரே ஆள். உள்துறையும் பெரும்பகுதி அவர் கையில்.

நாயக்கர் கால மதுரையைப் பற்றிப் பேசும்போது மகாலையும் தெப்பக்குளத்தையும் சித்திரைத் திருவிழாவையும் சொல்கிறோம். அந்த ஆட்சி அன்றாடம் எப்படி நடந்தது, யார் யாரிடம் உத்தரவு வாங்கினார்கள், யாரை யார் விலக்க முடிந்தது என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. அது பேசவேண்டிய விஷயம். ஏனென்றால், ஒரே தலைவர், அவர் தாமே தேர்ந்தெடுக்கும் அமைச்சர்கள், அவருக்கு மட்டுமே பதில் சொல்லும் துறைகள் என்ற அமைப்பு இன்றும் உலகின் பல நாடுகளில் இருக்கிறது. அதைக் குடியரசுத் தலைவர் ஆட்சிமுறை என்கிறோம். அந்த அமைப்பிலிருந்து ஒரு தூணை மட்டும் எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை மதுரைச் சீமை இருநூறு ஆண்டுகள் பட்டுத் தெரிந்துகொண்டது.

முதலில் பதவிகள். தளவாய் படைத்தலைவர், ஆனால் போர் இல்லாத நாளிலும் ஆட்சியின் முதல் ஆள் அவரே. பிரதானி வரவுசெலவைப் பார்ப்பவர். ராயசம் அரசரின் எழுத்துவேலை முழுவதையும் கையில் வைத்திருப்பவர். அரசரின் வாய்ச்சொல் ஓலையாகி வெளியே போவது அவர் வழியாக. இவர்களுக்கு அடுத்து கணக்கன். மற்ற அரசவைகளில் மதுரையின் சார்பாக இருந்து பேச ஸ்தானாபதி. நாட்டின் விளிம்புகளில் பாளையக்காரர்கள். மதுரைக் கோட்டைக்கு 72 கொத்தளங்கள், ஒவ்வொன்றையும் காக்க ஒரு பாளையம் என்று அரியநாதர் வகுத்ததாக மரபு சொல்கிறது. பாளையக்காரர் தம் வருவாயில் மூன்றில் ஒரு பங்கை நாயக்கருக்குச் செலுத்தி, மூன்றில் ஒரு பங்கில் படை வைத்து, மீதியைத் தமக்கு வைத்துக்கொள்வார் என்பதும் அதே மரபு. அந்தக் கோட்டைச் சுவர்களை 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் இடித்துத் தெருவாக்கினார். மாரட் வீதியிலும் பெருமாள் மேஸ்திரி வீதியிலும் இன்று நடப்பவர்கள் பழைய கோட்டைச் சுற்றின்மேல்தான் நடக்கிறார்கள்.

இந்த அமைச்சர்களை யார் நியமித்தார்கள்? நாயக்கர். யார் விலக்கினார்கள்? நாயக்கர். அவர்கள் கூடி எடுத்த முடிவு நாயக்கரைக் கட்டுப்படுத்துமா? கட்டுப்படுத்தாது. ஆலோசனை சொல்வார்கள், கேட்பதும் விடுவதும் அவர் விருப்பம். இந்த மூன்று விடைகளில் ‘நாயக்கர்’ இருக்கும் இடத்தில் ‘அமெரிக்க ஜனாதிபதி’ என்று போட்டால் ஏறக்குறைய அப்படியே பொருந்தும். 1789-இல் ஜார்ஜ் வாஷிங்டன் பதவியேற்றபோது வெளியுறவு, நிதி, போர் என்று மூன்று துறைகள் உண்டாயின; கூடவே ஒரு தலைமை வழக்கறிஞர். ஸ்தானாபதி, பிரதானி, தளவாய் என்று மதுரைக்காரர் ஒருவர் அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தால் பெரிய பிழை ஆகியிருக்காது. அமெரிக்க அரசியல் சாசனம் அமைச்சரவை என்ற ஒன்றைப் பற்றியே பேசவில்லை. துறைத் தலைவர்களிடம் எழுத்தில் கருத்துக் கேட்கலாம் என்று மட்டும் ஜனாதிபதிக்குச் சொல்கிறது. மற்றதெல்லாம் பழக்கத்தில் வளர்ந்தது.

தமிழ்நாட்டு வாசகருக்குப் பழகிய முறை வேறு. கோட்டையில் உட்கார்ந்திருக்கும் அமைச்சரவை சட்டமன்றத்துக்குக் கூட்டுப் பொறுப்பு உடையது. சட்டமன்றம் கைவிட்டால் முதலமைச்சரிலிருந்து கடைசி அமைச்சர்வரை வீட்டுக்குப் போகவேண்டும். அமைச்சர்கள் சட்டமன்றத்துக்குள் இருந்தே வருகிறார்கள். வெளியிலிருந்து வந்தால் ஆறு மாதத்துக்குள் உறுப்பினராக வேண்டும். அமெரிக்காவில் இது தலைகீழ். அமைச்சராக வேண்டுமென்றால் நாடாளுமன்ற இடத்தை விட்டுவிட வேண்டும். 2009-இல் ஹிலாரி கிளிண்டன் செனட் பதவியிலிருந்து விலகித்தான் வெளியுறவுத் துறைக்குப் போனார். ஆனால் போவதற்கு முன் அதே செனட் அவரை ஏற்கிறோம் என்று வாக்களிக்க வேண்டியிருந்தது. செலவுக்குப் பணம் ஒதுக்குவதும் நாடாளுமன்றம்தான். ஜனாதிபதிக்கு மட்டுமே கட்டுப்பட்ட அமைச்சரைக்கூட வெளியில் இருக்கும் வேறொரு அவை நிறுத்திக் கேள்வி கேட்கலாம். மதுரையில் இல்லாமல் போன தூண் இதுவே.

திறமையான தலைவர் இருக்கும்வரை அந்தக் குறை தெரிவதில்லை. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கரின் காலம் அப்படி. திருச்சிக்குப் போயிருந்த தலைநகரை அவர் மறுபடி மதுரைக்குக் கொண்டுவந்தார். மகாலைக் கட்டினார். அதன் சொர்க்க விலாசத்தில் அவை கூடியது. அவருடைய தளவாய் ராமப்பய்யன் சேதுநாட்டின்மேல் படை நடத்திப் போனதை ‘இராமப்பய்யன் அம்மானை’ என்ற கதைப்பாடல் பாடுகிறது. அரசரைவிடத் தளவாயும் அவரை எதிர்த்து நின்றவர்களுமே அதில் பெரிதாகத் தெரிகிறார்கள். மக்கள் நினைவில் ஓர் அமைச்சருக்கு இவ்வளவு இடம் கிடைத்தது சாதாரணமல்ல. களத்தில் முடிவெடுக்கும் அதிகாரம் அவரிடம் முழுதாக இருந்தது என்பதற்கும் அது சாட்சி.

திருமலை மறைந்ததும் நிலைமை புரண்டது. அவர் மகன் சில மாதங்களே ஆண்டார். பேரன் சொக்கநாதர் 1659-இல் பட்டத்துக்கு வந்தபோது மிக இளையவர். அந்தக் காலத்தில் இங்கே இருந்த சேசு சபைப் பாதிரியார் புரோயென்சா ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதங்கள், அடுத்து நடந்ததை நமக்குச் சொல்கின்றன. பிரதானியும் ராயசமும் கைகோத்துக்கொண்டார்கள். பணமும் ஓலையும் ஒரே பக்கம் சேர்ந்துவிட்டன. அரசரின் பெயரில் உத்தரவுகள் போயின, அரசருக்குத் தெரியாது. தமக்கு ஆகாதவர்களை ஒவ்வொருவராக அப்புறப்படுத்தினார்கள். பிறகு சொக்கநாதரையே இறக்கிவிட்டு அவருடைய தம்பியை உட்காரவைக்கத் திட்டம் போட்டார்கள். அரண்மனையைச் சேர்ந்த ஒரு பெண்மணி விஷயத்தை அரசரின் காதில் போட்டார். சொக்கநாதர் விழித்துக்கொண்டார், சதி செய்தவர்கள் கொடிய தண்டனை பெற்றார்கள். அந்த வலையில் இருந்த தளவாய் லிங்கம நாயக்கர் மட்டும் தப்பி, எதிரணியில் இருந்த பீஜாப்பூர்ப் படைத்தலைவர் ஷாஜியோடு போய்ச் சேர்ந்து, தாம் காக்கவேண்டிய நாட்டின்மேலேயே படை கொண்டு வந்தார்.

இந்தச் சம்பவத்தை வெறும் அரண்மனைச் சூழ்ச்சி என்று ஒதுக்கிவிடக் கூடாது. அமைச்சர் ஒருவர் தவறு செய்தால் அதை வெளியே சொல்ல முறையான இடம் ஒன்று இல்லை. ஆகவே உண்மை ஒரு பெண்மணியின் தைரியத்தை நம்பி இருந்தது. அரசர் தகுதியில்லாதவர் என்று அமைச்சர்கள் உண்மையிலேயே நினைத்தாலும் அதைச் சொல்லவும் இடம் இல்லை; சதி ஒன்றுதான் வழி. அமெரிக்கர்கள் இந்தச் சிக்கலுக்கு 1967-இல் சாசனத்தின் 25-ஆம் திருத்தத்தின் மூலம் விடை எழுதினார்கள். ஜனாதிபதியால் பணி செய்ய முடியவில்லை என்று துணை ஜனாதிபதியும் துறைத் தலைவர்களில் பெரும்பான்மையோரும் எழுதிக்கொடுத்தால் அதிகாரம் துணை ஜனாதிபதிக்குப் போகும். ஜனாதிபதி மறுத்தால் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானிக்கும். அதுவரை ஆலோசனை சொல்வதோடு நின்ற அமைச்சரவைக்கு அவர்கள் எழுத்தில் கொடுத்த பெரிய அதிகாரம் இது.

சொக்கநாதர் பாடம் கற்றார். கற்ற பாடம், அமைச்சர்களை நம்பாதே, சொந்தக்காரர்களை நம்பு என்பதாக இருந்தது. 1673-இல் அவருடைய தளவாய் வெங்கடகிருஷ்ணப்ப நாயக்கர் தஞ்சையைப் பிடித்தார். தஞ்சை நாயக்கர் விஜயராகவர் போரில் மாண்டார். புதிய நாட்டை ஆள, தம்மோடு ஒரே தாதியிடம் பால் குடித்து வளர்ந்த அழகிரியைச் சொக்கநாதர் அனுப்பினார். வெகு சீக்கிரம் அழகிரி மதுரைக்குக் கப்பம் அனுப்புவதை நிறுத்திவிட்டுத் தாமே தஞ்சைக்கு அரசர் என்றார்.

அதற்கு மேல் தஞ்சையில் நடந்தது இன்னும் கசப்பானது. பழைய தஞ்சை அரசில் ராயசமாக இருந்த வெங்கண்ணா, விஜயராகவர் வம்சத்துப் பிள்ளை செங்கமலதாசை அரசராக்க பீஜாப்பூர் சுல்தானின் உதவியை நாடினார். சுல்தான் தம் மராத்தியப் படைத்தலைவர் ஏகோஜியை அனுப்பினார். ஏகோஜி அழகிரியைத் துரத்தி, பிள்ளையைச் சிம்மாசனத்தில் ஏற்றினார். புதிய அரசர் தம்மை நாகப்பட்டினத்தில் மறைத்து வளர்த்த செட்டியாருக்கே தளவாய்ப் பதவியைக் கொடுத்தார். நன்றிக்கடன், வேறென்ன? ஆனால் அந்தப் பதவி தமக்கு என்று நம்பியிருந்த வெங்கண்ணா ஏகோஜியிடமே போய், நாட்டை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஏகோஜி எடுத்துக்கொண்டார். தஞ்சையில் மராத்திய ஆட்சி பிறந்தது. 1855 வரை அந்த வம்சம் இருந்தது. காவிரிக் கரையின் வரலாறு திசைமாறியதில் கிடைக்காமல் போன ஒரு மந்திரி பதவிக்கும் பங்கு உண்டு.

மதுரையும் தப்பவில்லை. தோல்விமேல் தோல்வி கண்ட சொக்கநாதரை 1670-களின் இறுதியில் அவருடைய ஆட்களே இறக்கிவிட்டுத் தம்பி முத்துலிங்கரை உட்காரவைத்தார்கள். ருஸ்தம் கான் என்ற குதிரைப்படைத் தலைவர் அந்தத் தம்பியையும் விரட்டி, சொக்கநாதரைப் பெயருக்கு அரசராக வைத்துக்கொண்டு, ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் தாமே ஆண்டார். ராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதி போன்றோரின் உதவியால்தான் அந்தப் பிடி விலகியது.

அமைச்சரை விலக்குவது எவ்வளவு பெரிய சங்கடம் என்பதற்கு அமெரிக்க வரலாற்றிலும் ஒரு பெரிய உதாரணம் உண்டு. 1867-இல் அங்கே நாடாளுமன்றம், செனட்டின் சம்மதம் இல்லாமல் அமைச்சரை நீக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் போர்த்துறைச் செயலர் ஸ்டான்டனை நீக்கினார். ஸ்டான்டன் அலுவலகத்தை விட்டு வெளியேற மறுத்து, வாரக்கணக்கில் உள்ளேயே தங்கிவிட்டார். ஜான்சன்மேல் பதவிநீக்க விசாரணை வந்தது. 1868-இல் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் அவர் தப்பினார். தளவாய் லிங்கமரின் கதைக்கும் ஸ்டான்டனின் கதைக்கும் உள்ள வித்தியாசம் மனிதர்களின் குணத்தில் இல்லை. வாஷிங்டனில் சண்டை போடவும் தீர்க்கவும் ஓர் அவை இருந்தது. மதுரையில் தளவாய்க்குக் குதிரையும் எதிரி நாடும்தான் இருந்தன.

இந்த வரலாற்றில் மங்கம்மாளின் 17 ஆண்டுகளைத் தனியாகச் சொல்லவேண்டும். சொக்கநாதரின் மனைவியான அவர், கைக்குழந்தையான பேரனுக்காக 1689 முதல் ஆட்சியை நடத்திய ராணி. சாலைகளும் சத்திரங்களும் இன்றும் அவர் பெயரைச் சொல்கின்றன. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே சத்திரம் இருக்கிறது. அவர் தங்கிய தமுக்கம் மாளிகை 1959 முதல் காந்தி நினைவு அருங்காட்சியகம். அவருடைய தளவாய் நரசப்பய்யா திருவிதாங்கூர், தஞ்சை, ராமநாதபுரம் என்று மூன்று பக்கமும் படை நடத்தினார். பாதிரியார் பூஷே தம் சபையினருக்குப் பாதுகாப்பு வேண்டி வந்தபோது பரிசுப் பொருள்களுடன் தேடிப்போய்ப் பார்த்தது இந்தத் தளவாயைத்தான். நாட்டில் காரியம் எங்கே முடியும் என்பது வெளிநாட்டுக்காரருக்கும் தெரிந்திருந்தது. இருந்தும் மங்கம்மாளை நரசப்பய்யா விழுங்கிவிடவில்லை. அமைச்சருக்கு முழு அதிகாரம் கொடுத்தும் தம் பிடியை விடாமல் இருக்கத் தெரிந்தவர் அவர். அந்தத் திறமையை அவர் யாருக்கும் சட்டமாக விட்டுச்செல்ல முடியவில்லை. அவரோடு அது முடிந்தது.

பேரன் விஜயரங்க சொக்கநாதர் கோயில் திருப்பணிகளில் மனம் ஊன்றியவர். நிர்வாகம் அதிகாரிகளிடம் போனது. 1710-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று மீனாட்சியம்மன் கோயிலில் இருக்கிறது. கோயில் ஊழியர்களுக்கு மானியமாக இருந்த ஊர்களில் அதிகாரிகள் வரி கேட்டார்கள். ஊழியர்கள் எவ்வளவோ முறையிட்டார்கள், யாரும் செவிசாய்க்கவில்லை. கடைசியில் ஊழியர் ஒருவர் கோபுரத்தின்மேல் ஏறிக் குதித்து உயிர்விட்டார். அதன் பிறகே வரி நீங்கியது. நீங்கியதைக் கல்லில் வெட்டினார்கள். தமிழ்நாட்டு ஆட்சி வரலாற்றை எழுதும் எவரும் இந்தக் கல்வெட்டை முதல் பக்கத்தில் வைக்கவேண்டும். படையெடுப்புகளையும் பட்டாபிஷேகங்களையும்விட அந்த ஆட்சிமுறையைச் சரியாகக் காட்டுவது இது. ஓர் அதிகாரியின் உத்தரவைக் கேள்வி கேட்க அவை இல்லாத நாட்டில், ஒரு கோயில் ஊழியர் தம் உயிரையே மனுவாகக் கொடுத்தார்.

கால் நூற்றாண்டு கழித்து, 1736-இல் விஜயரங்கரின் ராணி மீனாட்சியோடு மதுரை நாயக்கர் ஆட்சி முடிந்தது. பட்டத்துக்கு உரிமை கேட்ட பங்காரு திருமலை ஒரு பக்கம், ராணி ஒரு பக்கம் என்று பிரிந்த அவையில், தளவாய் வெங்கடாச்சாரி பங்காருவுக்குத் துணை நின்றார். அந்தப் பிளவுக்குள் ஆர்க்காட்டு நவாபின் மருமகன் சந்தா சாகிப் நுழைந்தார்.

அமைச்சரின் பலம் எங்கே இருக்கிறது என்ற கேள்வி இந்தச் சீமை மக்களோடு கடலும் கடந்தது. தளவாய், பிரதானி எல்லாம் போன பிறகு, அதே வறண்ட சீமையிலிருந்து லட்சக்கணக்கானோர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். மதுரை, ராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்து மக்கள் மண்டபம் வழியாகக் கப்பலேறினார்கள். திருப்பத்தூருக்கு அருகே முனைப்புதூரில் 1913-இல் பிறந்த சௌமியமூர்த்தி தொண்டைமானும் அப்படிப் போன குடும்பத்துப் பிள்ளை. அவருடைய தந்தை ஒரு தோட்டத்துக்கே உரிமையாளராக உயர்ந்தவர். மகனோ தொழிலாளர்களின் சங்கத் தலைவரானார். 1978 செப்டம்பரில் இலங்கையில் ஜே.ஆர். ஜெயவர்தனாவின் புதிய சாசனம் நடைமுறைக்கு வந்தது. நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதி. அமைச்சரவைக்கும் அவரே தலைவர். அமைச்சர்கள் நாடாளுமன்றத்திலிருந்து வருவார்கள். ஆனால் எந்தத் துறையையும் ஜனாதிபதி தம்மிடமே வைத்துக்கொள்ள முடிந்தது, யாரிடமிருந்தும் எடுத்துவிட முடிந்தது. அதே மாதம் தொண்டைமான் கிராமியக் கைத்தொழில் அமைச்சரானார்.

ஜெயவர்தனா 1982-இல் தம் கட்சி உறுப்பினர்களிடம் தேதி போடாத ராஜினாமாக் கடிதங்களை எழுதி வாங்கி வைத்துக்கொண்டார். கேள்வி கேட்கவேண்டிய அவை கேள்வி கேட்கப்படும் இடமாகிவிட்டது. இந்தச் சூழ்நிலையில் ஒரு சிறுபான்மைச் சமூகத்து அமைச்சர், அதிலும் தம் மக்களில் பெரும்பகுதி குடியுரிமையே இல்லாமல் இருக்கும் ஓர் அமைச்சர், என்ன செய்ய முடியும்?

தொண்டைமான் அமைச்சர் நாற்காலியில் இருந்துகொண்டே சங்கத்தை விடவில்லை. 1984-இல் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் பெற்றார்கள். 1986 ஜனவரியில் குடியுரிமை கேட்டுத் தோட்டங்களில் பிரார்த்தனை இயக்கம் நடத்தினார். தொழிலாளர்கள் காலையில் வேலைக்குப் போகாமல் பிரார்த்தனை செய்தார்கள். கொழுந்து பறிக்க ஆள் இல்லை. அரசாங்கத்தின் அமைச்சரே அரசாங்கத்துக்கு எதிராக நடத்திய இயக்கம் அது. ஜனாதிபதியால் அவரை நீக்கியிருக்க முடியும். ஒரு கையெழுத்துப் போதும். ஆனால் தோட்டங்கள் நின்றுவிடும் என்பதும் ஜனாதிபதிக்குத் தெரியும். அமைச்சருக்கு அமைச்சரவைக்கு வெளியே ஒரு பலம் இருந்தது. ராமப்பய்யனுக்கும் நரசப்பய்யாவுக்கும் அப்படி ஒன்று இருந்ததில்லை. லிங்கமருக்கு அது எதிரிநாட்டில்தான் கிடைத்தது.

அவருடைய அணுகுமுறையைக் குறை சொன்னவர்களும் உண்டு. 1983 ஜூலையின் தமிழர் படுகொலைகளுக்குப் பிறகும் அமைச்சராகத் தொடர்ந்ததைப் பலர் மன்னிக்கவில்லை. அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் கணக்கையும் பார்க்கவேண்டும். 1964-இல் பிரதமர்கள் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தம் இந்த மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரின் கதி 1974-இல்தான் பேசப்பட்டது. அவ்வளவு பேச்சுக்குப் பிறகும் நாடற்றவர்களாக நின்றவர்களுக்கு 1986-இலும் 1988-இலும் வந்த சட்டங்கள் குடியுரிமை கொடுத்தன. ஜெயவர்தனா, பிரேமதாசா, விஜேதுங்கா, சந்திரிகா என்று நான்கு ஜனாதிபதிகளின் அமைச்சரவைகளில் இருந்த தொண்டைமான் 1999 அக்டோபரில் மறைந்தபோதும் அமைச்சராகவே இருந்தார். விடுபட்டுப்போனவர்களுக்கான கடைசிச் சட்டம் 2003-இல் இலங்கை நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.